நூற்றுக்கு அறுபத்தெட்டு

"நூத்துக்கு அறுபத்தெட்டு பேர், மேயர். மலை மேல இருக்கிற கிராமங்கள்ல எழுபத்தொண்ணு!"

தேர்தலுக்குக் கணிப்பு எடுத்துத்தர ஏதென்ஸிலிருந்து வந்திருந்த எல்பிதா கருத்துக்கணிப்புத் தாளை மேசைமேல் வைத்தாள். மேயர் ஸ்டமாட்டிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டால் எங்களுக்குச் சம்மதம்தான் என்று பெட்ரோவூனி ஊர் ஜனங்கள் சொல்லியிருந்தார்கள்.

"நம்ம ஊரா? ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற ஜனமா?"

"வெளியில சொல்லக் கூச்சப்படுவாங்க. பேர் போடாத தாள்ல மனசுல இருக்கிறது வந்துடும். தேர்தலுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான். பக்கத்து ஊர் மேயர் போன மாசமே பல்டி அடிச்சிட்டார், பார்த்தீங்கல்ல?"

ஸ்டமாட்டிஸ் எண்களை நம்புகிறவர். தண்ணீர் வரியானாலும் சரி, அகதிகளானாலும் சரி, ஊர் என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் நினைக்கவே ஆரம்பிப்பார். இந்தக் கல்யாணங்களுக்குச் சட்டம் வந்தபோது, "என் கையால அப்படி ஒரு கல்யாணம் இந்த ஊர்ல நடக்காது" என்று முழங்கியதும் அப்படித்தான். அன்றைக்குக் கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்போ அந்த ஃபோதினி விஷயம்..." என்று இழுத்தார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஃபோதினி இந்த ஊரில் பாட்டு டீச்சர். ஆற்றங்கரையில் அவள் ஒரு பெண்ணை முத்தமிடும் படம் எப்படியோ ஸ்டமாட்டிஸ் கைக்கு வந்தது. கூட இருந்தவளின் முதுகு மட்டும்தான் அதில் தெரிந்தது. ஃபோதினியின் முகம் முழுசாகத் தெரிந்தது. அதைப் பெரிசு பண்ணிச் சதுக்கத்தில் மாட்டி, "இவளா உங்க பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லித் தரணும்?" என்று மைக்கில் கேட்டார்.

அவளுக்கு வேலை போனது. அவளுடைய அம்மா சதுக்கத்தைப் பார்த்த ஜன்னலைச் சாகும்வரை திறக்கவே இல்லை. ஸ்டமாட்டிஸ் மேயரானார். ஃபோதினி ஊரை விட்டு ஓடிவிடவில்லை. மலையடிவாரத்தில் தேனீ வளர்த்து, வாரக் கடைசியில் தேன் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு ஏதென்ஸுக்குப் போய் விற்றுவிட்டு வருவாள்.

"நேரா அவகிட்டயே போய் மன்னிப்புக் கேளுங்க. டிவிக்காரங்களைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் எல்பிதா. "ஆனா விடிஞ்சதும் போயிடாதீங்க. ரெண்டாவது காபி குடிக்கிற வரைக்கும் அவ யாருக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டா."

மேயர் அசந்துபோனார். "அடேயப்பா! அதுகூடவா கணிப்புல வருது?"

"வேலைன்னு எடுத்தா முழுசா செய்யணும், மேயர்."

மறுநாள் பதினோரு மணிக்கு இரண்டு கேமராக்களோடு அவர் போய் இறங்கினார். ஃபோதினி தேனீப் பெட்டிக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தாள். "மகளே, நான் பாவிம்மா" என்று அவள் கையைப் பிடித்தார்.

அவள் கையை உருவிக்கொண்டாள். "இங்க வேண்டாம். எந்த இடத்துல என் பேரை இழுத்தீங்களோ, அங்க நின்னு சொல்லுங்க. படத்தை மாட்டினது நீங்கதான்னும் சொல்லுங்க."

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு!" என்றார் ஸ்டமாட்டிஸ். அறுபத்தெட்டு பேர் இருக்கும்போது எதைச் சொல்ல என்ன பயம்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனம் சதுக்கத்துக்கு வந்ததும் மைக்கைப் பிடித்தார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கண்ணீர்கூடச் சொன்னபடி வந்தது. "இனி அப்படி யார் வந்தாலும் நானே முன்னால நின்னு கல்யாணம் பண்ணி வைப்பேன்!" என்று முடித்து, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார்.

யாரோ இருமினார்கள். பாதிரியார் திரும்பி நடந்தார். அவர் பின்னாலேயே பாதிக் கூட்டம் கலைந்தது. கசாப்புக் கடை ஜிசிஸ் மட்டும் முன்னால் வந்தார்.

"அன்னைக்கு எங்களை ஏத்தி விட்டது நீதானே? உன் பேச்சைக் கேட்டு என் தங்கச்சி மகனை வீட்டுப் படி ஏறாதேன்னு விரட்டினேன். பன்னெண்டு வருஷமா அவன் முகத்தை நான் பார்க்கல. இப்போ நீ மட்டும் அழுது கழுவிக்கிறியா?"

மிச்சமிருந்தவர்களும் கிளம்பிவிட்டார்கள். ஃபோதினி மட்டும் கடைசி வரைக்கும் நின்று பார்த்தாள்.

தேர்தலில் அவருக்கு வைப்புத்தொகை போகாத குறைதான். பழைய ஆட்கள், மாறினவன் என்று போடவில்லை. புதிய ஆட்கள், நடிக்கிறான் என்று போடவில்லை. மலைக் கிராமங்களில் சொந்த மச்சான்கூட அவருக்குப் போடவில்லை.

திங்கட்கிழமை அவர் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது ஃபோதினி உள்ளே வந்து ஒரு தேன் பாட்டிலை வைத்தாள்.

"தொண்டைக்கு நல்லது. ரொம்பக் கத்திட்டீங்க."

"எல்லாம் அந்த எல்பிதாவால வந்தது!" என்று வெடித்தார் ஸ்டமாட்டிஸ். "அறுபத்தெட்டாம், அறுபத்தெட்டு! ஃபோனையும் எடுக்க மாட்டேங்குறா."

"இருபத்திமூணு" என்றாள் ஃபோதினி.

"என்னது?"

"நம்ம ஊர்ல நெஜமா வந்த கணக்கு. நூத்துக்கு இருபத்திமூணு."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

ஃபோதினி வாசலுக்குப் போய்த் திரும்பினாள்.

"எல்பிதா என் பொண்டாட்டி."