நாலாவது குடம்

வரிசையில் இருந்த நாலாவது குடத்தைக் காலால் தள்ளி வெளியே விட்டாள் மிக்கேலம்மாள்.

காலிக் குடம் உருண்டு போய் பம்பு மேடையில் மோதி நின்றது.

"ரெண்டே பேரு இருக்கிற வூட்டுக்கு நாலு கொடம் எதுக்கு? மத்தவங்கெல்லாம் நாக்கு வறண்டு சாவறதா?"

குடத்துக்குச் சொந்தக்காரி நஞ்சம்மாள். மிக்கேலம்மாளுக்குப் பக்கத்து வீடு. புருஷனும் அவளும் மட்டும்தான்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் காலனிக்கே அந்த ஒரு அடிபம்புதான். மழை பொய்த்துப் பொய்த்து, எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் பம்பை அடித்தால் பாதி நேரம் காற்றுதான் வந்தது. ஊறுவதற்குக் காத்திருந்து அடிக்க வேண்டும். அதனால் வீட்டுக்கு இரண்டு குடம் என்று பெண்களே பேசி வைத்திருந்தார்கள்.

நஞ்சம்மாளுக்கு மட்டும் மூன்று. அவள் வீட்டில்தான் கக்கூஸ் இருந்தது.

மிக்கேலம்மாளுடைய வயிற்றெரிச்சலே அந்தக் கக்கூஸ்தான்.

அது அவளுக்கு வந்திருக்க வேண்டியது. மாதிரிக்கு ஒரு வீட்டில் கட்டிக் காட்டுகிறோம் என்று ஓவர்சியர் வந்தபோது, முதலில் அவள் கொல்லையில்தான் அளவு போட்டார். குழி முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை. பாறை. கடப்பாரை முனையில் தீப்பொறி பறந்தது.

இன்னும் கொஞ்சம் தோண்டிப் பாருங்க சார் என்று கெஞ்சினாள். அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அங்கே மண் கேட்டபடியெல்லாம் வெட்டுப்பட்டது.

அன்றிலிருந்து நஞ்சம்மாளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அரிசி புடைக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் அவள் கண் அந்தக் கக்கூஸின் தகரக் கதவிலேயே இருக்கும். நினைத்தபோது போகிறாள், நினைத்தபோது வருகிறாள், மகராசி.

மற்றவர்களுக்கு இருட்டு பிரிவதற்கு முன் ஏரி. அந்த ஏரியிலும் இப்போது மறைவில்லை. தண்ணீர் வற்றியதும் முள்மரங்களையெல்லாம் விறகுக்கு வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கரைமேல் லாரிக்காரர்கள் பீடியும் சிரிப்புமாக உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார்கள். முகத்தை மட்டும்தான் மூட முடியும்.

இதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் குடத்தை உதைத்தது.

வரிசையில் நின்ற பெண்கள் நியாயம்தானே என்றார்கள். நஞ்சம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மிக்கேலம்மாளின் முகத்தைப் பார்த்தாள். குடத்தில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று குடத்துக்கு மட்டும் அடித்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு மிக்கேலம்மாளுக்கு வெறும் களியும் ருசித்தது.

மறுநாள் விடியற்காலையில் அவள் ஏரிக்குக் கிளம்பும்போது மகள் லூர்துமேரியும் எழுந்து வந்தாள். பெரியவளாகி ஒரு வருஷம் நிறையாத பெண். அம்மா ஏரிக்குப் போய், அப்படியே பம்பில் குடம் வைக்கப் போன பிறகு, தன் வயசுப் பெண்களோடு போய்வருவதாகத்தான் சொல்லியிருந்தாள்.

"இன்னிக்கு என்ன அதிசயமா எங்கூட?"

"நஞ்சம்மாக்கா வூட்ல தண்ணி பத்தலம்மா. அக்கா இருக்கிற தண்ணியில வான்னுதான் சொல்லுச்சு. நான்தான் வேணாங்கா, ஏரிக்கே போயிக்கிறேன்னேன்."

மிக்கேலம்மாள் மகளை நிறுத்தி விசாரித்தாள்.

கோடை பிறந்ததிலிருந்தே நஞ்சம்மாள் வீட்டுக் கக்கூஸுக்குத்தான் போகிறாளாம். அம்மா திட்டும் என்று சொல்லவில்லையாம்.

முதலில் அவளுக்கு வெட்கம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. கக்கூஸ்தான் அந்தப் பக்கம் போனது என்றால் பெற்ற பெண்ணும் போய்விட்டாளே. தாயிடம் சொல்லாத கஷ்டத்தை ஊரான் வீட்டுப் பெண்பிள்ளையிடம் போய்ச் சொல்லியிருக்கிறாளே.

உள்ளே போய், மிச்சத் தண்ணீர் இருந்த தன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். மகளின் கையைப் பிடித்தாள். வேலியைச் சுற்றிக்கொண்டு நஞ்சம்மாளின் கொல்லைக்கு நடந்தாள்.

நஞ்சம்மாள் வாசலுக்குச் சாணி கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து போய்த் தகரக் கதவைத் திறந்துவிட்டாள்.

லூர்துமேரி தண்ணீரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு பெண்களும் வெளியே நின்றார்கள்.

மிக்கேலம்மாளால் அடக்க முடியவில்லை.

"பெத்தவ எங்கிட்ட சொல்லாதத உங்கிட்ட எப்படி சொன்னா?"

நஞ்சம்மாள் சாணிக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"அவ எங்க சொன்னா, அக்கா? ராத்திரி சோத்த எடுத்தாந்து நாய்க்குப் போட்டுட்டு இருந்தா. தெனமும். வவுறு காலியா இருந்தா ஏரிக்குப் போவ வேணாமில்ல? நாந்தான் பாத்துட்டுக் கூப்புட்டேன்."

கதவு திறந்தது. லூர்துமேரி காலிக் குடத்தோடு வெளியே வந்தாள்.

மிக்கேலம்மாள் மகளின் தோளைப் பிடித்தாள்.

"நேத்து ராத்திரி சோறு தின்னியா?"

லூர்துமேரி தலையைத் திருப்பினாள். நஞ்சம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.