மாடன் எழும்பும் வரை

முதல் துளி வில்லின் மேல் விழுந்தது.

அவள் வில்லுப்பாட்டு பாடிக்கொண்டிருந்தாள். கதையில் மாடனை அப்போதுதான் வெட்டிப் போட்டிருந்தார்கள். கூடவே இருந்து சோறு தின்றவன்தான் வெட்டினான். ஆற்றங்கரையில் தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம்.

அந்த இடம் பார்த்துத்தானா வரவேண்டும் இந்த மழை.

பங்குனி வெயிலில், கோயில் திருவிழாவின் உச்சிக்கொடைக்கு, மழையை யார் நினைத்தார்கள்? அவள் நினைத்தாள். விடிந்ததும் வில்லின் பனைமரக் கழிக்கு எண்ணெய் பூசினாள். தோல் நாணுக்கு மெழுகு தேய்த்தாள். விரல் வழுக்கும் வரை தேய்த்தாள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், உள்ளே வேர்க்கும் என்று பழைய பருத்திச் சேலையில் பொதிந்தாள். கோயில் வரும் வரை வேனில் மடியை விட்டு இறக்கவில்லை.

"வில்லுக்கு நடக்க கவனிப்பு எனக்கு நடக்கல்லியே," என்றார் சுயம்பு.

சுயம்பு அவள் புருஷன். வில்லைத் தாங்கும் குடத்தைத் தட்டுகிறவர். அவருக்கு எல்லாம் விளையாட்டு.

ஓலைப்பந்தல் பேருக்குத்தான் பந்தல். அடுத்த துளியும் உள்ளே வந்தது.

குடத்தின் மேல் ஏற்றிய வில்லைக் கதை முடியாமல் இறக்கக் கூடாது. எல்லாருக்கும் தெரிந்த முறை அது.

அவள் வீட்டில் இன்னொன்றும் உண்டு. வெட்டுப்பட்டவன் எழும்பும்போது நாண் பேசியாக வேண்டும். பேசாவிட்டால் அவன் எழும்ப மாட்டான். அங்கேயே கிடப்பான். துணைக்கு ஆள் தேடுவான்.

குடத்தடியில் இருப்பவன்தான் அவனுக்குப் பக்கம்.

முன்பு அங்கே அவள் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அன்றும் இப்படித்தான், வெறும் தூறல். நாண் தொய்ந்து சத்தம் செத்தது. பாட்டை நிறுத்திவிட்டு எல்லாரும் காப்பி குடிக்கப் போனார்கள். அந்த மாதமே அண்ணன் போய்விட்டான்.

டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொல்லட்டும்.

குடத்துக்கு ஆள் இல்லாதபோது, நான் இருக்கேன் என்று சுயம்பு வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து வானம் கறுத்தாலே அவள் கண் குடத்தடிக்குப் போகும்.

இப்போதும் போனது.

மழை வலுத்தது. கூட்டம் நாற்காலிகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடியது. உடுக்கைக்காரர் உடுக்கையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு முதல் ஆளாக ஓடினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதுவும் தோல்தானே.

தர்மகர்த்தா குடையோடு வந்தார்.

"மழ விட்ட பொறவு பாடலாம் பகவதியக்கா. எழும்புங்க."

"அவன் எழும்பாம நாங்க எப்பிடி எழும்ப?"

எவன் என்று புரியாமல் அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

அவள் முந்தானையை இழுத்து வில்லின் மேல் போட்டாள். ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் கோலை வீசி நாணில் அடித்தாள். சுயம்பு குடத்தை விடவில்லை. தலைமுடியிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுகத் தட்டிக்கொண்டிருந்தார்.

நாணின் சத்தம் இறங்கியது.

மெழுகு எவ்வளவு நேரம்தான் தாங்கும். ஈரம் ஏறிய தோல் இளகியது. சாயம் உரிந்திருந்த முனை வழியே மரம் தண்ணீரைக் குடித்தது. கணீரென்று கேட்டது இப்போது தொப்பென்று கேட்டது.

அவள் கதையைத் துரத்தினாள்.

தங்கச்சியின் ஒப்பாரியை அப்படியே விட்டாள். தாயை ஒரே வரியில் அழவைத்து அனுப்பினாள். வெட்டியவன் கண் அவிந்து திரியும் இடத்தை இன்னொரு கொடைக்கு வைத்துக்கொள்ளலாம். தப்பு எல்லாம் என்னோடு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பாடினாள்.

தலை உடலைத் தேடி உருண்டு வந்தது. தலையும் உடலும் சேர்ந்தன. இன்னும் ஒரு வரி.

மரத்துக்குள் ஏதோ நெரிந்தது.

வில் பிளக்கப் போகிறது. அவளுக்குத் தெரிந்தது அது மட்டும்தான். கோலைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வில்லை இறுக்கிப் பிடித்தாள்.

"எழும்பினானே, மாடன் எழும்பினானே..."

தொண்டை கிழியப் பாடினாள். கடைசியில் பாடும் வாழியும் பாடி முடித்தாள்.

சமையல் கொட்டகையில் சாம்பார் மணத்துக்கு நடுவே வில்லைக் கிடத்தினாள். முதலில் நாணைத் தளர்த்தினாள். காய்ந்த துணியால் முனையிலிருந்து முனைக்கு ஒற்றி எடுத்தாள். அடுப்புப் பக்கம் வைக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். வேண்டாம் என்றாள். ஈர மரம் சூடு பட்டால் வெடிக்கும்.

வில் பிளக்கவில்லை. அதில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

சுயம்பு பக்கத்தில் வந்து குந்தினார். துண்டால் தலையைத் துவட்டினார்.

மாடன் எழும்பிய இடத்தில் தான் நாணை அடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா?

"ஏங்க. அவன் எழும்பும்போ நாண் பேசிச்சா?"

"பேசிச்சே. கணீர்னு இருந்திச்சு. இந்த மழைக்குள்ள எப்பிடிட்டி அப்பிடி ஒரு சத்தம் வந்திச்சு?"

அவள் கை நின்றது.

தேற்றத்தான் சொல்கிறார். அப்படித்தான் இருக்கும். பொய் சொன்னால் சுயம்புவுக்குச் சிரிப்பு வந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பொய்யையும் அவர் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை.

அவர் முகத்தையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சிரிங்களேன்," என்றாள்.

"எதுக்கு?" என்றார் அவர்.