இடுப்பு அளவு

"ரெண்டாவது மாடிக்கே இப்படி மூச்சு வாங்கினா எப்படி? உன்னைத் தூக்கிட்டுப் போக ஆளா வெக்க முடியும்?"

விளையாட்டு வாத்தியார் மேல்படியில் நின்று சிரித்தார். பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவைக்கிறவர். ஆள் குச்சி. அந்தக் குச்சி உடம்பைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை இருக்கிறதே, அது மட்டும் நல்ல கனம்.

அவருடைய மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நெஞ்சில் கை வைத்தாள். கொஞ்சம் பருமன். கொஞ்சமென்ன, நன்றாகவே. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். அளவு நாடாவே வேண்டாம், ஆள் வாசலில் வந்து நின்றாலே இடுப்பு எவ்வளவு என்று சொல்லிவிடும் கெட்டிக்காரி. வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.

"ஒரு வாரமா இப்படித்தாங்க. பயமா இருக்கு."

"பயம் வராம? நாளெல்லாம் மெஷின் முன்னாடி உக்காந்தே கிடந்தா, சர்க்கரையும் கொழுப்பும் உனக்குள்ள குடும்பமே நடத்தும். என்னைப் பாரு! பேண்ட் மறுபடியும் லூஸ். இடுப்பைப் பிடிச்சுக் கொடு." கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஒரே மடக்கில் காலி செய்தார்.

"போன மாசம்தானே பிடிச்சேன்?"

"அதான் உடம்பை வெச்சுக்கற விதம்!"

"சரி, என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்களா?"

"அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துச்சே!" கல்யாணத்தன்றுகூட வாத்தியார் இவ்வளவு உற்சாகமாக இருந்திருக்க மாட்டார்.

மறுநாள் காலை அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை; இருவருமே வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்குப் போனார்கள். நர்ஸ் ஊசியை எடுத்ததும் அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, வேண்டாம் சிஸ்டர்! ஊசின்னா எனக்கு உயிரே போயிடும்."

"தையல்காரிக்கு ஊசி பயமாம்! கேட்டீங்களா சிஸ்டர் கூத்தை?"

"சிரிக்காதீங்க. முதல்ல நீங்க குத்திக்கிட்டுக் காட்டுங்க. எனக்கு எடுக்கற டெஸ்ட் எல்லாம் உங்களுக்கும் எடுத்தாத்தான் நான் கையை நீட்டுவேன்."

"இவ்வளவுதானா?" வாத்தியார் சட்டைக் கையை மடித்து நீட்டினார். கண்ணைக்கூட இமைக்கவில்லை. அதற்கப்புறம்தான் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைக் கொடுத்தாள்.

சாயங்காலம் டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்ததுமே வாத்தியார் ஆரம்பித்தார்.

"இவளுக்கு எவ்வளவு சர்க்கரை டாக்டர்? ஒளிக்காம சொல்லுங்க."

"இவங்களுக்கு எல்லாமே கச்சிதமா இருக்கு. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, ஒண்ணுலயும் குறை சொல்ல முடியாது." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சர்க்கரை உங்களுக்குத்தான் சார். எக்கச்சக்கமா இருக்கு."

"எனக்கா? ட்யூப் மாறிப்போச்சு டாக்டர்! நீங்களே பாருங்க, ரெண்டு பேர்ல யார் குண்டு?"

"எனக்கும் சந்தேகம் வந்துதான் ரெண்டாவது தடவை பார்க்கச் சொன்னேன். அதேதான். ஒல்லியா இருக்கறவங்ககிட்ட போகாதேன்னு சர்க்கரைக்கு யாரும் சொல்லி வெக்கல சார். இந்தத் தாகம், எடை தானா குறையறது எல்லாம் அதோட வேலை. இன்னும் நாள் கடத்தியிருந்தா, மைதானத்துல மயங்கி விழுந்தப்புறம்தான் தெரிஞ்சிருக்கும். நல்ல வேளை, இப்ப வந்தீங்க. மருந்துல அடக்கிடலாம்."

வாத்தியார் மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப... இவளுக்கு ஏன் மூச்சு வாங்குது?"

"ஈசிஜியும் நல்லாத்தான் இருக்கு. எனக்கே புரியல. அவங்களையே கேளுங்க."

வீட்டுக்குத் திரும்பி முதல் மாடி ஏறுவதற்குள் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். பயம்தான், வேறென்ன.

"இங்கேயே இருங்க, தண்ணி கொண்டு வரேன்." மருந்துப் பை, காய்கறிப் பை, அவருடைய பை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அவள் கிடுகிடுவென்று ஏறினாள். மேலே கதவு திறந்தது, மூடியது. அவர் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் தண்ணீரோடு எதிரே நின்றாள்.

வாத்தியார் தண்ணீரை வாங்க மறந்து அவளையே பார்த்தார். "மூச்சு... வாங்கலையே?"

அவள் தோளில் செருகியிருந்த குண்டூசிகளில் ஒன்றை எடுத்தாள். குனிந்து, தொளதொளவென்றிருந்த அவர் பேண்ட் இடுப்பை மடித்துக் குத்தினாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தாள்.

"கடைக்கும் வீட்டுக்கும் தினம் எத்தனை தடவை இந்தப் படியில ஏறி இறங்கறேன், எனக்கென்ன மூச்சு? உங்க இடுப்பு அளவு குறைஞ்சுகிட்டே வர்றதைப் பார்த்து, டாக்டர்கிட்ட போகலாம் வாங்கன்னு கெஞ்சினப்பல்லாம் 'எனக்கென்ன'ன்னு சிரிச்சீங்க... அதான், எனக்கு வியாதின்னு சொன்னா முதல் ஆளா கிளம்புவீங்கன்னு மூச்சு வாங்க ஆரம்பிச்சேன்."