பூக்கட்டிப் பார்த்த சர்வர்

எங்கள் திருமண வரன் இணையதளத்தின் பழைய சர்வர் காலையில் செத்துப்போனது. சந்தா கட்டியவர்கள் ஃபோனில் திட்டிக்கொண்டிருந்தார்கள். புது சர்வர் மேஜையில் சும்மா இருந்தது. அதில் லினக்ஸ் போடலாம் என்றேன். கூட்டாளி செல்வராணிக்கு விண்டோஸ்தான் வேண்டும். மதியம்வரை சண்டை.

“கார்முகில், பேசாம அம்பாள்கிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம், வாங்க” என்றாள்.

அலுவலகத்தைப் பூட்டிவிட்டுத் திருக்கோகர்ணம் கோயிலுக்குப் போனோம். லினக்ஸுக்கு வெள்ளரளி, விண்டோஸுக்குச் செவ்வரளி. இரண்டையும் தனித்தனி இலையில் வைத்து அவளே கட்டினாள். குருக்கள் அம்பாள் பாதத்திலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். பூ இல்லை. இன்னொன்றிலும் இல்லை.

“நாந்தானே கட்டுனேன்” என்று செல்வராணி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் அன்னவாசலிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா ஃபோன் செய்தார்.

“சைட்டு இப்ப நல்லா வேகமா ஓடுதுங்க. மாத்திட்டீங்களா?”

ஓடிவந்து பூட்டைத் திறந்தோம். புது சர்வரில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அதன் பவர் வயர் உறைகூடப் பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தது. நான் திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தேன். உள்ளே, ஹார்ட் டிஸ்க்கின்மேல், இரண்டு அரளியும் வாடாமல் இருந்தன.

கையை நீட்டினேன். செல்வராணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“எடுத்துறாதீங்க. சைட்டு நின்னுரும்.”