ஆறுதல் குரல்

காற்றழுத்தம் சொல்லும் வீட்டுக் கருவியின் குரலை ‘ஆறுதல்’ நிலைக்கு மாற்றி வைத்தது சேசடிமைதான். போன புயலில் அது எண்களை வாசிக்க வாசிக்க, பயந்துபோய்க் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துவிட்டார். தீவே சிரித்தது. இன்று அதைப் பழையபடி மாற்றப்போன பதற்றத்தில் சுவரிலிருந்த அதன் திரைமேல் டீயைக் கொட்டினார். திரை செத்துப்போனது. குரல் மட்டும் ஆறுதலாகவே தங்கிவிட்டது.

நண்பகலில் காற்று சட்டென நின்று வெயில் அடித்தது. முற்றமெங்கும் கடற்பறவைகள் இறங்கி, ஆள் நடந்தாலும் நகராமல் உட்கார்ந்திருந்தன. சேசடிமைக்குக் காது அடைத்தது.

“புயல் போயிருச்சு. போட்டைப் பாத்துட்டு வாரேன்,” என்றாள் மனைவி பிரகாசி. “நீங்க கட்டிலுக்குக் காவல் இருங்க.”

அவள் கரைக்கு இறங்கியதும் அவர் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

“போயிருச்சா, இல்ல புயலோட கண்ணுக்குள்ள இருக்கமா?”

கண் என்றால் காற்று மறுபக்கமிருந்து திரும்பி வரும். கரையில் நிற்பவர் மிஞ்சமாட்டார்.

“கவலைப்படாதீங்கண்ணே. டீ குடிச்சீங்களா?”

“அழுத்தம் ஏறுதா, இறங்குதா?”

“எல்லாம் நல்லபடியா நடக்கும்ணே.”

குரல் இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் சொற்களுக்கு நடுவே, தனக்கில்லாத மூச்சை இழுத்து இழுத்து விட்டது. பயத்தில் கைதேர்ந்தவர் என்பதால் சேசடிமைக்கு அது பிடிபட்டது. சுவரில் கை வைத்தார்.

“தம்பி, உனக்குப் பயமா இருக்கா?”



“ஆமாண்ணே. ஓடிப்போயி மதினியக் கூப்பிடுங்க.”