நிறுத்த வேண்டிய மாத்திரை

"டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரிக்குக் கொடுத்த ஜிங்க் மாத்திரையை நிறுத்திடலாமா?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கேள்வியை ஓய்வுபெற்ற தபால்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். மனைவி வெளியே எடை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் காரியம் முடிய வேண்டும்.

"ஏன், வாந்தி வருதா?"

"இல்லீங்க."

"மறுபடியும் சளி, காய்ச்சலா?"

"மூணு மாசமா ஒரு தும்மல்கூட இல்ல. குத்துக்கல்லாட்டம் இருக்கா."

"அப்புறம் என்ன? இந்த வயசுல ஜிங்க் குறைஞ்சா எதிர்ப்புச் சக்தியும் குறையும். அவங்க நல்லா இருக்கறது பிடிக்கலையா உங்களுக்கு?"

தபால்காரர் நெளிந்தார். "மரத்துப்போயிருந்த நாக்கும் சரியாயிடுச்சும்மா."

"நல்லதுதானே! ஜிங்க் குறைஞ்சா ருசியும் மங்கிடும். இனிமே ருசிச்சுச் சாப்பிடுவாங்க."

"எங்க சாப்பிடுறா? நாலு வருஷமா வீட்டுல சமையல் நான்தாம்மா. ஒரு குறை சொன்னதில்ல. இப்ப தட்டைத் தள்ளிவிடுறா!"

டாக்டர் சிரிப்பை அடக்குவதற்குள் கதவு திறந்தது.

"டாக்டரம்மா," என்றாள் உள்ளே வந்த மனைவி, "இவருக்கும் அந்த மாத்திரையை எழுதிக் கொடுங்க. இவர் சமைக்கிறதை இவரும் கொஞ்சம் ருசிச்சுப் பார்க்கட்டும்!"