அதே கப்பலில் வந்த இன்னொருவன்

அறையில் மூன்று பேர் இருந்தோம்: ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த மெர்ல், தன் கொள்ளுத்தாத்தாவின் தாத்தாவைத் தேடிக்கொண்டிருந்த டார்சி குவில், வாசலோரம் நான்.

டார்சி ஒரு தாளை ஆட்டினான். "நாளைக்கு அந்த மூணு பேர் முன்னாடி இதைத்தான் படிக்கப்போறேன். ஆடு திருடி இங்கிலாந்துலேர்ந்து இங்க கைதியா கப்பலேத்தப்பட்ட ஜோசப் குவில், ஏழு வருஷத்துல விடுதலையாகி, ரொட்டிக்கடை வச்சு, கௌரவமா செத்தான். எங்க ரத்தத்துலயும் திருந்தினவன் உண்டு மேடம்! இதைக் கேட்டா அவங்க மனசு இளகாதா?"

மெர்ல் கண்ணாடியைக் கழற்றினாள். "டார்சி, அதே கப்பல்ல ரெண்டு ஜோசப் குவில் வந்திருக்காங்க. பேரை மட்டும் பாத்தீங்க, கைதி எண்ணைப் பாக்கல. ரொட்டிக்கடைக்காரனுக்குப் பிள்ளையே கிடையாது. உங்க ஆளு 614."

"அவன் என்ன ஆனான்?"

"மூணு தடவை தப்பிச்சு ஓடினான். ஒவ்வொரு தடவையும் தண்டனையைக் கூட்டினாங்க. கடைசில போர்ட் ஆர்தர் சிறையிலயே செத்துட்டான்."

டார்சி சிரித்தான். "பரவால்ல. நான் ரெண்டு தடவைதான் ஓடியிருக்கேன்."

தாளை மடித்து என்னிடம் நீட்டினான். "குப்பையில போட்டுடுங்க, பாஸ்."

அவனை முன்கூட்டியே விடுவிக்கலாமா என்று முடிவு செய்ய, நாளைக் காலை மூவர் பரோல் குழு கூடுகிறது. படிக்க அவனிடம் வேறொன்றும் இல்லை. எட்டாம் அறைக்குள் அவன் போனதும், கதவைச் சாத்திப் பூட்டினேன்.